ஐப்டேசியாவைத் தின்னும் பெர்கியா கடல் நத்தைகள்: ஏழு மாத அனுபவத்தின் மதிப்புரை

சிங்கப்பூரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், நான்கடி நீளமும் ஏறத்தாழ 300 லிட்டர் கொள்ளளவும் உள்ள பவளத் தொட்டி ஒன்று ஐந்தாண்டுகளாக இருக்கிறது. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அதன் பாறைகளில் பவளங்களைவிட ஐப்டேசியா என்னும் சிறு கடல் சாமந்திகளே அதிகமாகத் தெரிந்தன. பூவைப் போலத் தோன்றினாலும் இவை பாறையில் ஒட்டி வாழ்ந்து, பக்கத்துப் பவளங்களைக் கொட்டும் விலங்குகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைவிளக்கை வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கி, 140ஐத் தாண்டியதும் மனம் சோர்ந்து நிறுத்திவிட்டேன். அதற்கு முன்பு வேறு இரண்டு வழிகளை முயன்று தோற்றிருந்ததால், வீட்டிலேயே பெர்கியா நத்தைகளை வளர்த்து விற்கும் ஒருவரிடமிருந்து பத்து நத்தைகளை வாங்கித் தொட்டியில் விட்டேன். அந்தப் பத்து நத்தைகளைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. விரைவாக விடை வேண்டுவோருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டி முழுவதும் ஐப்டேசியா பரவியிருந்து, நத்தைகளைத் தின்னக்கூடிய மீனோ இறாலோ உள்ளே இல்லாமல் இருந்து, மூன்று நான்கு மாதங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் பொறுமையும் உங்களுக்கு இருந்தால் இவற்றை வாங்கலாம். ஐந்தாறு ஐப்டேசியாக்கள்தான் இருக்கின்றன என்றால் வாங்க வேண்டாம். அவற்றுக்கு ஐப்டேசியாவைக் கொல்லவென்றே விற்கும் பசையே போதும்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தொட்டியில் இருப்பது உண்மையில் ஐப்டேசியாதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஐப்டேசியா ஒல்லியான நீண்ட தண்டும், நுனி கூர்ந்த மெல்லிய உணர்கொம்புகளும் கொண்டது. கண்ணாடி போன்ற உடலில் பழுப்பு நிறம் தோய்ந்திருக்கும். விரல் நிழல் பட்டாலே பாறைத் துளைக்குள் சுருங்கி மறைந்துவிடும். பவளத் தொட்டிகளில் தொல்லை தரும் இன்னொரு கடல் சாமந்தியான மஜானோ அப்படி இருக்காது. அது குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். உணர்கொம்புகளின் நுனி சற்று உப்பியிருக்கும். நீல விளக்கின் கீழ் பச்சையாக மின்னும். அழகாக இருப்பதால் அதை பபிள் டிப் அனிமோன் என்னும் விலையுயர்ந்த கடல் சாமந்தியின் குட்டி என்று நம்பி, தீனி கொடுத்து வளர்த்தவர்களை நான் அறிவேன். நானே அவர்களில் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பெர்கியா நத்தை மஜானோவைத் தொடவே தொடாது. ஐப்டேசியா கிடைக்காமல் பட்டினி கிடந்து செத்தாலும் சாகுமே தவிர வேறெதையும் தின்னாது. இந்தப் பிடிவாதம்தான் அதன் சிறப்பு, குறையும் அதுவே.

ஐப்டேசியா ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மற்ற வழிகள் ஏன் பாதியில் நின்றுவிடுகின்றன என்பது விளங்கும். அது பாறையின் மேல் மெல்ல நகரும்போது அதன் அடித்தட்டிலிருந்து சிறு துணுக்குகள் கிழிந்து அங்கங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு துணுக்கும் சில வாரங்களில் முழுமையான கடல் சாமந்தியாகிவிடுகிறது. வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவதை அது சொல்லாமலே செய்துகொண்டிருக்கிறது. உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியிலிருந்து உணவு ஆக்கித் தருவதால் நாம் தீனி போடாவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும். தொட்டிக்குக் கீழே வடிகட்டிகள் இருக்கும் துணைத்தொட்டியான ஸம்ப்பின் இருட்டுக்குள் அந்தப் பாசிகளை இழந்து வெளுத்துப்போனாலும், நீரில் மிதந்துவரும் இரைத் துகள்களைப் பிடித்துத் தின்று உயிரை வைத்துக்கொண்டிருக்கும். இந்தத் தாக்குப்பிடிக்கும் ஆற்றலால்தான் பவளங்களுக்கும் பாசிகளுக்கும் இடையிலான உறவை ஆராய்வோர் ஐப்டேசியாவை ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். அதன் மரபணுத் தொகுதி 2015இலேயே முழுமையாக வெளியிடப்பட்டது. அவர்கள் வளர்க்கப் பாடுபடுவதை நாம் ஒழிக்கப் பாடுபடுகிறோம்.

என் முதல் முயற்சி, ஊசிக்குழலுடன் புட்டியில் விற்கும் பசை. நீரோட்டப் பம்புகளை நிறுத்திவிட்டு, கடல் சாமந்தியின் வாய்த்தட்டின் மேல் ஒரு துளியை மெதுவாக வைத்தால், அது இரை என்று நினைத்து விழுங்கி, சற்று நேரத்தில் உள்ளே சுருங்கிக் கரைந்துபோகும். பசை முடிந்தபின் கால்சியம் ஹைட்ராக்சைடு தூளை நீரில் குழைத்தும் பயன்படுத்தினேன். கால்க்வாசர் என்ற ஜெர்மன் பெயரில் கடைகளில் விலையேற்றி விற்கப்படுவது நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் அதே சுண்ணாம்புதான். சிங்கப்பூரின் தேக்கா பக்கம் வெற்றிலைக் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நிறமோ மணமோ சேர்த்த சுண்ணாம்பு தொட்டிக்குள் போய்விடக்கூடாது என்பதால் நான் தொட்டிக்கென்று விற்கும் தூளையே வாங்கினேன். இரண்டுமே கண்ணெதிரே நிற்கும் கடல் சாமந்தியை நன்றாகவே கொல்கின்றன; பாறையின் மேற்புறத்தில், வாயை அகலத் திறந்துகொண்டிருக்கும் பெரியவற்றுக்கு இவற்றைவிட எளிய மருந்து இல்லை.

சிக்கல் மூன்று இடங்களில் எழுந்தது. பாறை இடுக்குக்குள் இருப்பதை ஊசி எட்டவில்லை. எட்டியபோதும், கை சற்று நடுங்கி அதைத் தொட்டுவிட்டால், அது கொட்டும் செல்கள் நிறைந்த வெண்ணிற நூல்களை வெளியே தள்ளிவிட்டுத் துளைக்குள் ஒடுங்கிவிடும். பாதி மருந்தோடு பிழைத்த ஒன்று, இரண்டு வாரங்களில் தன்னைச் சுற்றிலும் ஏழெட்டுக் குட்டிகளோடு திரும்பி வரும். மூன்றாவது சிக்கல் வேதியியல் சார்ந்தது. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் அளவு ஏறத்தாழ 12.4, பவளத் தொட்டியின் நீர் 8.1 முதல் 8.4 வரை இருந்தால்தான் உயிர்கள் நிம்மதியாக இருக்கும். ஆகவே ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் சுண்ணாம்பு வைப்பது நல்லதல்ல. நாளுக்குப் பத்தைக் கொன்றால், மறுவாரம் இருபது முளைத்திருந்தன. மூன்று மாதங்கள் இந்தக் கணக்கில் ஓடின. பாறையைப் பசைக்குழம்பால் மூடிப் பார்த்தேன். மூடிய விளிம்பின் கீழிருந்து ஊர்ந்து வெளியே வந்து நின்றது.

இரண்டாவது முயற்சி பெப்பர்மின்ட் இறால். இது ஐப்டேசியாவைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரில் கடைகளில் விற்கப்படுவதெல்லாம் அந்த இறால் அல்ல. ஃபுளோரிடாவிலிருந்து வரும் உண்மையான பெப்பர்மின்ட் இறாலே நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டு, 2006இல்தான் அறிவியலாளர்களால் பல இனங்களாகப் பிரித்து விவரிக்கப்பட்டது என்றால் குழப்பத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். நான் சென்ற கடையில் பெயர்ப்பலகையை நம்பி நான்கு வாங்கிவந்தேன். வந்தவை ஒட்டக இறால்கள். முதுகில் ஒரு கூனும், சிவப்பு உடலில் வெள்ளைக் கோடுகளும் பொட்டுகளும் இருப்பதைப் பார்த்தவுடனே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவை ஐப்டேசியாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பத்து நாட்களில் நான் மூன்றாண்டுகள் வளர்த்திருந்த ஸோவாந்திட் என்னும் பவள உறவினக் கூட்டம் ஒன்றை வழித்துத் தின்றுவிட்டன. அவற்றைப் பிடித்து வெளியேற்ற வலையும் இரையும் வைத்து நான்கு இரவுகள் கண்விழிக்க வேண்டியிருந்தது.

மீன்களைப் பற்றியும் யோசித்தேன். செம்பட்டை வண்ணத்துப்பூச்சி மீன் என்று நான் அழைக்கும் காப்பர்பேண்ட், இங்கே சிங்கப்பூரின் பவளத் திட்டுகளிலேயே சாதாரணமாகக் காணக்கூடிய மீன். நீண்ட மூக்கால் இடுக்குகளில் குத்தி ஐப்டேசியாவை எடுத்துத் தின்னும். ஆனால் தொட்டித் தீனியை ஏற்றுக்கொள்ளாமல் மெலிந்து சாகும் காப்பர்பேண்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். தொல்லையைத் தீர்ப்பதற்காக ஒரு மீனைப் பட்டினி போட எனக்கு மனமில்லை. ஃபைல் மீனோ, ஐப்டேசியா தீர்ந்ததும் சதைப்பற்றுள்ள பவளங்களைக் கொறிக்கத் தொடங்கிவிடும் என்ற அச்சம் இருந்தது. இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழித்து வந்தபின்தான் பெர்கியாவிடம் வந்து சேர்ந்தேன்.

பெர்கியா என்பது ஓடில்லாத கடல் நத்தை. முழு வளர்ச்சி அடைந்தாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாது. தொட்டிகளுக்கென விற்கப்படுவது ஃபுளோரிடாவைத் தாயகமாகக் கொண்ட பெர்கியா ஸ்டெஃபனியே என்ற இனம். பழைய கையேடுகளில் இதையே வேறொரு பெர்கியாவின் பெயரால் குறிப்பிட்டிருப்பார்கள். தலையில் இளஞ்சிவப்பு கலந்த ஆரஞ்சுத் தீற்றலும், முதுகெங்கும் விரல்கள் போன்ற புடைப்புகளும் உண்டு. ஐப்டேசியாவைத் தின்னும்போது அதன் கொட்டும் செல்களைச் செரிக்காமல் அந்தப் புடைப்புகளின் நுனியில் சேர்த்துவைத்து, தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும். எதிரியின் ஆயுதத்தையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளும் இந்தச் சிற்றுயிரின் மேல் எனக்கு அன்றும் இன்றும் வியப்புண்டு.

பத்து நத்தைகளுக்கு நான் கொடுத்த விலை, ஒரு புட்டிப் பசையின் விலையைப் போல ஐந்து மடங்கு. விற்பவர் அவற்றை இரண்டு சிறு நெகிழிக் குப்பிகளில் தந்தார். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் இருந்தது. எல்லாமே உயிரோடும் துடிப்போடும் இருந்தன. கடைசியாகத் தின்ற இரையின் பழுப்பு நிறம் முதுகுப் புடைப்புகளில் தெரிந்ததால் பட்டினி போடாமல் அனுப்பியிருக்கிறார் என்பதும் புரிந்தது. வாங்கும்போது இந்த நிறத்தைப் பார்க்கச் சொல்வேன். வெளிறிப்போய் ஒளி ஊடுருவும்படி இருக்கும் நத்தை பல நாட்களாகப் பட்டினியில் இருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு குறை, தொட்டிக்குள் விடும் முறையைப் பற்றி அவர் எதுவும் எழுதித் தரவில்லை. நானாகக் கேட்டபின்தான் தொலைபேசியில் சொன்னார்.

அவர் முதலில் கேட்ட கேள்வி, தொட்டியில் ராஸ் வகை மீன் உண்டா என்பது. உண்டு; ஆறு கோடுகள் கொண்ட சிக்ஸ்லைன் ராஸ் ஒன்று இருந்தது. பாறைகளை நாள் முழுவதும் துருவித் துருவிப் பார்த்துச் சிறு உயிர்களைக் கொத்தித் தின்பதே அதன் தொழில். அதை வைத்துக்கொண்டு பெர்கியாவை விடுவது, வாங்கிய காசுக்கு ராஸுக்கு ஒருவேளை விருந்து வைப்பதற்குச் சமம். உண்மையான பெப்பர்மின்ட் இறால், கோரல் பேண்டட் இறால், ஆரோ நண்டு ஆகியவையும் இவற்றைத் தின்னக்கூடியவையே. எனவே கண்ணாடிப் பொறி வைத்து, பதினொரு நாட்கள் காத்திருந்து, அந்த ராஸைப் பிடித்து வேறொரு தொட்டிக்காரருக்குக் கொடுத்தேன். நத்தைகளின் விலையோடு இந்த உழைப்பையும், பிடித்தமான ஒரு மீனை இழந்த வருத்தத்தையும் சேர்த்தே இதன் மதிப்பைக் கணக்கிட வேண்டும்.

நீரின் உப்பளவு அவருடைய குப்பியிலும் என் தொட்டியிலும் வேறுபட்டதால், சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து ஒரு மணி நேரம் பழக்கினேன். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாவிட்டால் இந்த ஊரில் தொட்டி நீர் 30 பாகையைத் தொட்டுவிடும். அவ்வளவு சூட்டை நத்தைகள் தாங்கா என்பதால் 26 பாகையில் நிறுத்தியிருந்தேன். நத்தைகள் உள்ளே இழுக்கப்படாமலிருக்க, நீரோட்டம் எழுப்பும் வேவ்மேக்கர் பம்புகளின் வாயில் நுரைத் துணுக்குகளைக் கட்டினேன். விளக்குகள் அணைந்தபின், நீரோட்டத்தை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் குழலால் நத்தைகளை உறிஞ்சி எடுத்து, பாறையின் நிழல் பக்கத்தில், நடுத்தர அளவுள்ள ஐப்டேசியாக்களின் அடித்தண்டுக்கு அருகே ஐந்தைந்தாக இரண்டு இடங்களில் விட்டேன். தனித்தனியாகப் பரப்பிவிட வேண்டும் என்று தோன்றும், அது தவறு. பெரிய ஐப்டேசியாவை இவை கூட்டமாகச் சேர்ந்துதான் வீழ்த்துகின்றன. தவிர ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும், முட்டையிட இன்னொன்றைச் சந்தித்தாக வேண்டும்; 300 லிட்டர் தொட்டியில் தனித்து விடப்பட்ட நத்தை அந்தச் சந்திப்புக்காக வாரக்கணக்கில் அலைய நேரிடும்.

அன்றிரவு சிவப்பு விளக்கொளியில் அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு நத்தை தன் வாய்க்கொம்புகளால் தடவித் தடவி ஐப்டேசியாவின் தண்டைத் தொட்டது. தொட்டவுடனே முதுகுப் புடைப்புகள் அனைத்தையும் முள்ளம்பன்றியைப் போல விறைத்துக்கொண்டு ஒரு கணம் பின்வாங்கியது. பிறகு மீண்டும் முன்னேறித் தண்டின் அடியில் வாயைப் பதித்தது. ஐப்டேசியா தன் வெண்ணிற நூல்களை வெளியே வீசியும் நத்தை அசையவில்லை. பசையைக் கொண்டு நூற்றுக்கணக்கானவற்றைக் கொன்றவன் நான். இருந்தாலும் அந்தக் காட்சியைப் போல எனக்கு நிறைவு தந்தது எதுவுமில்லை.

அதன்பின் ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு எதுவுமே நடக்கவில்லை. பெரும்பாலானவர்கள் பெர்கியாவைக் குறை சொல்வது இந்தக் கட்டத்தில்தான். நத்தைகள் பகலில் பாறைக்குள் மறைந்துவிடும். இரவில் தேடினாலும் கண்ணில் படுவதில்லை. ஐப்டேசியாக்களோ குறையவில்லை, சில இடங்களில் கூடவும் செய்தன. பத்தும் செத்திருக்கும் என்று முடிவுகட்டி மீண்டும் சுண்ணாம்பைக் கையில் எடுக்கத் துணிந்தேன், நல்லவேளையாக எடுக்கவில்லை. சுண்ணாம்பு விழுங்கிய ஐப்டேசியாவை நத்தை தின்ன நேர்ந்திருந்தால் இரண்டும் போயிருக்கும்.

ஐம்பத்திரண்டாம் நாள், தொட்டியின் பின்கண்ணாடியில் வெள்ளை நூலைச் சுருட்டி ஒட்டியது போன்ற ஒரு சுருளைக் கண்டேன். அது முட்டைச் சுருள். இரண்டு வாரங்களுக்குள் பொரிந்து வெளிவரும் குஞ்சுகள் புள்ளி அளவுகூட இருக்காது. ஆனால் அவையும் முதல் இரையாகத் தேடுவது மிகச் சிறிய ஐப்டேசியாக்களையே. ஊசிக்கும் கண்ணுக்கும் எட்டாத குட்டிகளை இந்தக் குஞ்சுகள்தான் தீர்த்துக்கட்டுகின்றன என்பது என் கணிப்பு. ஏனென்றால் மூன்றாம் மாத முடிவில் முதலில் வெறுமையானவை பெரிய ஐப்டேசியாக்கள் நின்ற இடங்கள் அல்ல; சிறியவை மண்டிக் கிடந்த பாறையின் அடிப்புறம்தான். நான்காம் மாதத்தில் நாளுக்கு நாள் வேறுபாடு தெரிந்தது. காலையில் விளக்கு எரியும்போது, நேற்று நின்ற இடத்தில் பாதி தின்னப்பட்ட தண்டு மட்டும் தொங்கும். மறுநாள் அதுவும் இருக்காது. ஐந்தாம் மாத இறுதியில் முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஓர் ஐப்டேசியாகூடத் தெரியவில்லை. ஏழாம் மாதமாகிய இப்போதும் தெரியவில்லை. டார்ச் பவளம் நான்கு மாதங்களாகச் சுருங்கியே கிடந்தது. அண்டையில் கொட்டிக்கொண்டிருந்தவை ஒழிந்ததும் மூன்று வாரங்களில் முழுமையாக விரிந்துவிட்டது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். என் தொட்டியில் இருந்த நான்கு மஜானோக்கள் இன்றுவரை நத்தைகளால் தீண்டப்படவில்லை; அவற்றில் மூன்றை, பாறைத் துண்டோடு சேர்த்து வெட்டுக்குறடால் பெயர்த்தெடுத்தேன்; நான்காவது எடுக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஸம்ப்புக்குள் இருக்கும் ஐப்டேசியாக்களையும் நத்தைகள் ஒழிக்கவில்லை. மேல்தொட்டியிலிருந்து வழிந்து கீழே போன நத்தைகள் வடிகட்டி உறையில் சிக்கி மடிந்திருக்கக் கூடும். உறையைக் கழுவும்போது இரண்டு முறை அப்படிப்பட்டவற்றைப் பார்த்தேன். ஸம்ப்புக்கு இன்னமும் பசைதான். இரை தீர்ந்ததும் நத்தைகள் பட்டினியால் மடியும் என்பது தெரிந்தே வாங்குவதுதான் என்றாலும், வாங்குபவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது விற்பவரின் கடமை என்று நினைக்கிறேன். மேலும், புதிதாக வாங்கும் ஒரு பவளத் துண்டின் அடிக்கட்டையில் ஒளிந்துவரும் ஒரே ஓர் ஐப்டேசியா, தின்ன நத்தை இல்லாத தொட்டியில் பழைய கதையைத் தொடங்கிவிடும். மருந்து நீரில் முக்கி எடுப்பதால் அது சாவதில்லை. ஆகவே இப்போதெல்லாம் பவளத்தை அதன் கட்டையிலிருந்து வெட்டியெடுத்துப் புதிய கட்டையில் ஒட்டியபின்தான் உள்ளே விடுகிறேன். மீன்களுக்குப் போடும் உறைந்த இறால் தீனியையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். அந்த மிச்சத்தைத் தின்றே ஐப்டேசியாக்கள் அவ்வளவு கொழுத்தன.

மீண்டும் வாங்க நேர்ந்தால் இரண்டை மாற்றிச் செய்வேன். பத்துக்குப் பதிலாக இருபது வாங்குவேன். என் தொட்டியின் அளவுக்குப் பத்து என்பது குறைந்தபட்சம்தான், அந்த ஏழு வாரச் சோர்வை இன்னும் பத்து நத்தைகள் குறைத்திருக்கும். பெரிய ஐப்டேசியாக்களை, அதாவது ஒரு ரூபாய்க் காசைவிட அகலமாக விரிந்து நிற்பவற்றை, நத்தைகளை விடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பசையால் தீர்த்துவிட்டு, நடுத்தரமும் சிறியதுமானவற்றை மட்டும் நத்தைகளுக்கு விட்டுவைப்பேன். ஒரு சென்டிமீட்டர் நத்தைக்கு அந்தப் பெரியவை இரையாவதைவிட ஆபத்தாவதே அதிகம்.

ஆறாம் மாதம் பாறை இடுக்கில் மெலிந்து வெளிறிப்போன நத்தைகள் சிலவற்றைக் கண்டபோது, குழலால் உறிஞ்சி ஏழைப் பிடித்துவிட்டேன். அவற்றில் ஐந்தை ஈசூனில் இருக்கும் நண்பர் ஒருவர் தம் தொட்டிக்காக எடுத்துச் சென்றார்; வழியில் பசித்துவிடக் கூடாது என்று ஸம்ப்பிலிருந்து நான்கு ஐப்டேசியாக்களைக் கல்லோடு பெயர்த்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தேன். மீதி இரண்டும் சமையலறைச் சன்னலோரம் ஒரு கண்ணாடிச் சாடியில் இருக்கின்றன. அவற்றுக்காகப் பக்கத்துச் சாடியில், வாரம் இரண்டு முறை ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளைப் போட்டு, ஐப்டேசியா வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.